செங்கமாரியோடு ஒப்பரேஷன்: முதலில் பித்தத்தை வடிக்க வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதையியிலோ (கணையம்) பித்தக்கானிலோ கட்டி என்று சொல்லப்பட்டு, கண்ணும் தோலும் மஞ்சளாகி, கொழும்பில் ஒரு சத்திர சிகிச்சை வாட்டில் படுத்திருப்பவர்களின் வீட்டார் எங்களிடம் கேட்கும் கேள்விகள் இவை. காலையில் வைத்தியர்கள் சுற்றிவரும்போது இவற்றை ஆறுதலாகக் கேட்க நேரம் கிடைப்பதில்லை. பலருக்கு அந்தப் பேச்சு சிங்களத்திலும் ஆங்கிலத்திலுமே நடந்து முடிந்துவிடுகிறது. அதனால்தான் இதைத் தமிழில் விரிவாக எழுதுகிறேன். உங்கள் நோயாளியைப் பார்க்கும் வைத்தியரின் முடிவுக்கு இது மாற்றில்லை. அவரோடு பேசுவதற்குத் தயாராகப் போக இது உதவும்.

செங்கமாரி ஈரல் வருத்தம்தானே? இதற்கு ஏன் ஒப்பரேஷன்?

எல்லாச் செங்கமாரியும் ஒன்றல்ல. வைரஸ் கிருமியால் ஈரல் வீங்கி வருவது ஒன்று. எலிக்காய்ச்சலோடு வருவது இன்னொன்று. அவற்றுக்கு ஒப்பரேஷன் தேவையில்லை. இங்கே பேசுவது அடைப்பினால் வரும் செங்கமாரியைப் பற்றி.

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீட்டர் முதல் ஒரு லீட்டர் வரை பித்தம் சுரக்கிறது. அது பித்தக்கான் வழியே இறங்கி, சதையியின் தலைப்பகுதியைக் கடந்து, முன்சிறுகுடலில் போய் விழும். அந்த வழியில் கல்லோ கட்டியோ குறுக்கே வந்தால் பித்தம் போக இடமில்லாமல் திரும்பி இரத்தத்தில் கலக்கும். சலம் கடும் பிளேன்டீ நிறத்தில் போகும். மலம் வெளிறிப்போகும். உடம்பெல்லாம் கடிக்கும், இரவில் இன்னும் கூடுதலாக. வயிற்றை ஸ்கேன் செய்தால் பித்தக்கான்கள் விரிந்திருப்பது தெரியும்.

கல் அடைத்தால் பெரும்பாலும் வலி இருக்கும். வலியே இல்லாமல் ஏறும் மஞ்சள்தான் எங்களைக் கவலைப்பட வைப்பது. 60 வயது தாண்டிய ஒருவருக்கு வலியில்லாமல் மஞ்சள் ஏறி, உடம்பும் மெலிந்து, சீனி வருத்தமும் புதிதாகப் பிடித்திருந்தால், சதையியில் கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை விடக்கூடாது.

மஞ்சளை இறக்கிவிட்டு ஒப்பரேஷன் செய்வதுதானே பாதுகாப்பு?

கேட்டவுடன் அப்படித்தான் தோன்றும். சத்திர சிகிச்சை நிபுணர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் விற்றமின் கே ஏறாது. அது இல்லாமல் இரத்தம் உறையாது. கிருமியை எதிர்க்கும் சக்தி குறையும், சிறுநீரகம் எளிதில் பழுதாகும், காயம் ஆறச் சுணங்கும். நியூயோர்க்கில் அலன் விப்பிள் 1935இல் சதையியின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் அகற்றும் ஒப்பரேஷனைப் பற்றி எழுதியபோது, அதை இரண்டு கட்டமாகத்தான் செய்திருந்தார். முதலில் பித்தம் போக ஒரு மாற்றுவழி, சில வாரம் கழித்து கட்டியை அகற்றுவது. அதே காலத்தில் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்டுபிடித்த விற்றமின் கே கைக்கு வந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யும் துணிவு பிறந்தது.

பிறகு, வயிற்றை வெட்டாமலே பித்தத்தை வடிக்கும் வழிகள் 1970களில் வந்தன. உள்நோக்கிக் குழாய் வழியாக, பித்தக்கானுக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வைக்கலாம் என்று வந்ததும், ‘முதலில் வடி, பிறகு வெட்டு’ என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கம் உண்மையில் நன்மை தருகிறதா என்று நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். 2010இல் அதன் முடிவு வெளிவந்தது. சதையித் தலையில் கட்டி வந்து மஞ்சளான 202 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு நோய் தெரிந்து ஒரு வாரத்துக்குள் நேரே ஒப்பரேஷன். மற்றவர்களுக்கு ஸ்டென்ட் வைத்து 4 முதல் 6 வாரம் வடித்துவிட்டு ஒப்பரேஷன். கடுமையான சிக்கல்கள் நேரே ஒப்பரேஷன் செய்தவர்களில் 39 சதவீதத்தினருக்கு வந்தன. வடித்துவிட்டுச் செய்தவர்களில் அது 74 சதவீதம். இறப்பு விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பித்தக்கானின் வாயில் ஒரு தசைவளையம் இருக்கிறது. குடலின் கிருமிகள் மேலே ஏறாமல் அது காக்கிறது. ஸ்டென்ட் அந்த வாயை எந்நேரமும் திறந்தே வைத்திருக்கும். கிருமியில்லாமல் இருந்த பித்தத்தில் கிருமி குடியேறும். ஸ்டென்ட் அடைத்தால் காய்ச்சல் வரும். அடைக்காவிட்டாலும், பிறகு நடக்கும் ஒப்பரேஷன் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும்.

ஆகவே, கட்டி அகற்றக்கூடிய நிலையில் இருந்து, ஒப்பரேஷன் திகதியும் கிட்ட இருந்தால், மஞ்சளோடே போவதுதான் பெரும்பாலானோருக்கு நல்லது.

அப்படியானால் எங்கள் அப்பாவுக்கு ஏன் ஸ்டென்ட் வைத்தார்கள்? தவறா?

தவறென்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடாதீர்கள். வடித்தே ஆகவேண்டியவர்கள் இருக்கிறார்கள். அடைத்த பித்தத்தில் கிருமி ஏறி, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. அது உயிர் காக்கும் வேலை. சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியவர்கள், பிலிரூபின் (இரத்தத்தில் ஏறி மஞ்சளாக்கும் பித்தப் பொருள்) மிக உயரத்துக்குப் போனவர்கள், கடி தாங்காமல் நாள்கணக்காக நித்திரை இல்லாமல் தோலைச் சொறிந்து புண்ணாக்கியவர்கள், சாப்பாடு இறங்காமல் உடம்பு கரைந்துபோய் ஒப்பரேஷனைத் தாங்கும் நிலையில் இல்லாதவர்கள் எல்லோரும் இதில் அடங்குவார்கள்.

ஒப்பரேஷனுக்கு முன் கீமோ கொடுக்க முடிவு செய்தவர்களுக்கும் ஸ்டென்ட் வேண்டும். பல கீமோ மருந்துகள் ஈரல் வழியாகவே வெளியேறுகின்றன. மஞ்சள் இறங்காமல் அவற்றைக் கொடுக்க முடியாது. கட்டி பக்கத்திலுள்ள இரத்தக்குழாய்களைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்போது பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள்.

எங்கள் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: காத்திருப்புப் பட்டியல். மேலே சொன்ன ஆய்வில் ஒரு வாரத்துக்குள் மேசைக்குப் போனார்கள். இங்கே தியேட்டர் நாள், தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில், மயக்க மருந்து வைத்தியரின் சம்மதம் எல்லாம் ஒன்றாக அமைய வேண்டும். ஐந்தாறு வாரம் ஆகும் என்றால், அதுவரை மஞ்சளோடு வைத்திருப்பது ஆபத்து. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி “ஒப்பரேஷன் திகதி எப்போது?” என்பதுதான். ஸ்டென்ட் வேண்டுமா இல்லையா என்பது அந்தப் பதிலைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

பிலிரூபின் எத்தனைக்கு மேல் போனால் வடிப்பார்கள்?

நெதர்லாந்து ஆய்வில் லீட்டருக்கு 40 முதல் 250 மைக்ரோமோல் வரை இருந்தவர்களையே எடுத்தார்கள். அதனால் 250க்கு மேல் போனால் வடிப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அதற்காக 251 வந்தவுடன் ஸ்டென்ட் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆளின் வயது, சிறுநீரகம், எத்தனை நாளாக மஞ்சள் என்பதெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது அலகைக் கவனியுங்கள். சில ஆய்வுகூடங்கள் மைக்ரோமோலில் தரும், சில டெசிலீட்டருக்கு மில்லிகிராமில் தரும். 1 மில்லிகிராம் என்பது 17.1 மைக்ரோமோல். போன கிழமை 14, இந்தக் கிழமை 240 என்று பார்த்து வீடே கலங்குவது நடக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஸ்டென்ட் வைத்த பிறகு சிடி ஸ்கேன் எடுக்கலாமா?

முடிந்தவரை முதலில் சிடி, பிறகு ஸ்டென்ட். இதை நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பரேஷன் செய்ய முடியுமா என்பதைத் தீர்மானிப்பது நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் நல்ல சிடி ஒன்று. கட்டி எந்த இரத்தக்குழாயைத் தொடுகிறது, எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது என்று அதில்தான் பார்ப்பார்கள். ஸ்டென்ட் வைத்தபின் அந்த இடம் வீங்கிவிடும். உலோக ஸ்டென்ட் என்றால் படத்தில் கீற்றுக் கீற்றாக ஒளி தெறிக்கும். ஸ்டென்ட் வைத்ததால் சதையி அழற்சி வந்துவிட்டால், எது கட்டி எது வீக்கம் என்று பிரித்தறிவது பெரும்பாடு.

கிருமி ஏறிய அவசர நிலையில் மட்டும் இந்த ஒழுங்கை மாற்ற வேண்டி வரலாம். மற்றப்படி யாராவது “நாளைக்கே ஸ்டென்ட் போடலாம்” என்று அவசரப்படுத்தினால், சிடி எடுத்தாயிற்றா, அதைச் சத்திர சிகிச்சை நிபுணர் பார்த்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். சிஏ 19-9 என்ற இரத்தப் பரிசோதனைக்கும் ஒரு குறிப்பு: மஞ்சள் இருக்கும்போது அது புற்றுநோய் இல்லாமலே உயரக்கூடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

ஈஆர்சிபி (உள்நோக்கிக் குழாய் வழியாக ஸ்டென்ட் வைப்பது) எப்படிச் செய்வார்கள்? வலிக்குமா?

ஏறக்குறைய 6 மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நித்திரை மருந்து கொடுத்து, வாய் வழியாக வளையும் குழாயொன்றை இரைப்பை கடந்து முன்சிறுகுடல் வரை இறக்குவார்கள். அதன் கமரா பக்கவாட்டில் பார்க்கும். பித்தக்கான் திறக்கும் சிறு மேடு தெரிந்ததும், மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அடைப்பைக் கடந்து ஸ்டென்டைத் தள்ளுவார்கள். வெளியே காயம் எதுவும் இருக்காது. தொண்டை ஓரிரு நாள் நோகும்.

முக்கியமான சிக்கல் சதையி அழற்சி. பொதுவாக 100 பேரில் 3 முதல் 10 பேர் வரை இது வருகிறது. அதைக் குறைக்கத்தான் அந்த நேரத்தில் மலவாயில் ஒரு வலி மருந்துக் குளிசை வைப்பார்கள். இரத்தக் கசிவும், அரிதாகக் குடலில் துளையும் ஏற்படலாம். ஈஆர்சிபி முடிந்த அன்று இரவு முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் “காற்றாக இருக்கும்” என்று பொறுத்திருக்காமல் தாதியிடம் உடனே சொல்லுங்கள்.

இதயத்துக்காக க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

பிளாஸ்டிக் ஸ்டென்டா, உலோக ஸ்டென்டா?

பிளாஸ்டிக் ஸ்டென்டின் குறுக்களவு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர். உலோகம் உள்ளே போய் விரிந்து 10 மில்லிமீற்றர் வரை வரும். அகலம் கூடினால் அடைப்பு குறையும். நெதர்லாந்து ஆய்வில் வைத்தவை பிளாஸ்டிக். அங்கே வடித்ததால் மட்டும் வந்த சிக்கல் 46 சதவீதம். அதே குழுவினர் பிறகு சவ்வு போர்த்திய உலோக ஸ்டென்டை வைத்துப் பார்த்தபோது அது 24 சதவீதமாக இறங்கியது. ஆகவே வடிக்கத்தான் வேண்டும், கட்டிதான் என்பதும் உறுதி, கீமோவுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும் என்றால் உலோகமே நல்லது. குட்டையான உலோக ஸ்டென்ட் பிறகு ஒப்பரேஷனுக்குத் தடையாகாது. கட்டியோடு சேர்த்தே அதையும் எடுத்துவிடுவார்கள்.

உலோகத்தின் விலை பல மடங்கு. கட்டியா வேறு ஏதாவதா என்று இன்னும் தெரியாத நிலையில், எடுத்துவிடக்கூடிய பிளாஸ்டிக்கை வைப்பதும் சரியே. ஆனால் பிளாஸ்டிக் ஸ்டென்டை மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். வைத்த திகதி டயக்னோசிஸ் கார்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வீட்டுக்குப் போகுமுன் பாருங்கள். கிளினிக் கொப்பியின் முன்மட்டையிலும் நீங்களே பெரிதாக எழுதி வையுங்கள். மறந்துபோன ஸ்டென்ட் அடைத்து, நடுக்கத்தோடு வருபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஒரு திகதி கண்ணில் பட்டிருந்தால் போதும்.

பக்கவாட்டில் ஊசி குத்தி பை மாட்டியிருக்கிறார்கள். அது என்ன?

வாய் வழியாகப் போக முடியாதபோது, அல்லது அடைப்பு ஈரலுக்கு மிகக் கிட்ட இருக்கும்போது, வலப்பக்க விலா எலும்புகளுக்கு இடையாக ஸ்கேன் பார்த்து ஈரலுக்குள் குழாய் விடுவார்கள். பித்தம் வெளியே பைக்கு வரும். பொன்மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால் சரி. சிவப்பாக வந்தால், அல்லது வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றால், வைத்தியசாலைக்கு வாருங்கள்.

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். சாரம் கட்டுபவர்கள் பையை இடுப்பு மடிப்பில் செருகுவதைப் பார்க்கிறோம். எழும்பும்போது சாரம் அவிழ்ந்தால் குழாயும் சேர்ந்து இழுபடும். தனி நாடாவில் கட்டி, குழாயைத் தோலோடு பிளாஸ்டரால் இரண்டு இடத்தில் ஒட்டுவது நல்லது. ஒரு நாளில் எத்தனை மில்லிலீட்டர் என்று எழுதி வையுங்கள். பித்தத்தோடு உப்பும் நீரும் போகும். அளவு கூடுதலாக இருந்தால் தலைசுற்றும், சலம் குறையும். ஜீவனி குடிக்கலாமா, எவ்வளவு என்று வாட்டிலேயே கேட்டு வையுங்கள்.

ஈரலின் வாசலிலேயே கட்டி என்றார்கள். அதற்கும் இதே கணக்கா?

இல்லை. இதுவரை சொன்னது பித்தக்கானின் கீழ்ப்பகுதி அடைப்புக்கு. வலது, இடது பித்தக்கான்கள் சேரும் இடத்தில் கட்டி என்றால் ஈரலின் பெரும் பகுதியை வெட்டியெடுக்க வேண்டி வரும். மிஞ்சும் சிறு பகுதிதான் ஆளைத் தாங்க வேண்டும். அந்தப் பகுதி பித்தம் தேங்கி நொந்துபோயிருந்தால் தாங்காது. அதனால் மிஞ்சப்போகும் பக்கத்தை முதலில் வடித்து, பிலிரூபின் நன்றாக இறங்கும்வரை காத்திருப்பார்கள். பல இடங்களில் 50 மைக்ரோமோலுக்குக் கீழே வர வேண்டும் என்று பார்ப்பார்கள். எந்தப் பக்கத்தை வடிப்பது என்பதை ஒப்பரேஷன் செய்யப்போகிறவரே சொல்ல வேண்டும்.

கல் அடைத்திருந்தால்?

அது எளிது. ஈஆர்சிபியிலேயே கல்லை எடுத்துவிடலாம். பிறகு பித்தப்பையைத் துளை வழி ஒப்பரேஷனில் அகற்றுவார்கள். அதை நீண்ட நாள் தள்ளிப்போடாதீர்கள், அடுத்த கல் இறங்கும்.

ஸ்டென்ட் வைத்து ஒரு வாரமாகியும் கண் மஞ்சளாகவே இருக்கிறதே?

சலமும் மலமும் நிறம் திரும்பி, கடியும் குறைந்திருந்தால் ஸ்டென்ட் வேலை செய்கிறது. பிலிரூபினில் ஒரு பங்கு இரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது சிறுநீரகத்தால் வெளியேறாது, அல்புமின் கழியும்போதுதான் கழியும். அதற்கு வாரங்கள் ஆகும். இரத்த எண் இறங்கிக்கொண்டு போகிறதா என்பதைப் பாருங்கள். ஏறினால்தான் பிரச்சினை.

வடிக்காமல் ஒப்பரேஷன் செய்தால் இரத்தம் நிற்காதே?

நல்ல கேள்வி. ஐஎன்ஆர் என்ற பரிசோதனையில் அது தெரிந்துவிடும். விற்றமின் கே ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சீராகிவிடும். ஊசி போட்டும் சீராகவில்லை என்றால் ஈரலே பழுது என்று பொருள். அப்போது திட்டத்தையே மறுபடி யோசிப்பார்கள்.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம்? கீழ்க்காய்நெல்லி கொடுக்கலாமா?

செங்கமாரி என்றதும் மீன் வேண்டாம், முட்டை வேண்டாம், எண்ணெய் வேண்டாம், மஞ்சள்தூள்கூட வேண்டாம் என்று வெறும் கஞ்சியில் விடுகிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் பெரிய ஒப்பரேஷனுக்குப் போகும் உடம்புக்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் கொடுங்கள், சிறிது சிறிதாகப் பல தடவை. கறியில் போடும் மஞ்சளால் கண் மஞ்சளாகாது. மலம் எண்ணெயாகப் போனால் சதையி நொதியக் குளிசை தேவைப்படலாம், வைத்தியரிடம் கேளுங்கள். சீனி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்க்காய்நெல்லியால் கட்டியோ கல்லோ வைத்த அடைப்பு திறக்காது. மருந்து குடித்துக்கொண்டே இரண்டு மாதம் போய், அகற்றக்கூடிய கட்டி அகற்ற முடியாததாகிவிடுவதுதான் இதிலுள்ள பெரிய இழப்பு. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் உங்களை ஏச மாட்டார்கள், ஏசவும் கூடாது. வலிக்கென்று பாமசியில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள். மஞ்சளோடு இருப்பவரின் சிறுநீரகத்தை அது கெடுத்துவிடும்.

ஒப்பரேஷனுக்கு முன் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டாமா?

சிடி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் வேண்டாம். கீமோ முதலில் என்றால் கட்டாயம் வேண்டும்.

கொழும்பில் எங்கே போவது?

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இதற்கான பிரிவுகள் இருக்கின்றன. ஈரல், பித்தக்கான் ஒப்பரேஷன்களுக்கு ராகம போதனா வைத்தியசாலை பெயர் பெற்றது. கீமோவுக்கு மஹரகம அபேக்ஷா. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் சில பொருட்களை வெளியே வாங்கி வரச் சொல்லக்கூடும். அதை ஸ்டென்ட் வைக்கும் நாளுக்கு முன்பே கேட்டு வையுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு நிபுணரைச் சனல் பண்ணிப் பார்த்துவிட்டு வருபவர்கள், எடுத்த சிடியின் படத்தட்டையும் கொண்டுவர வேண்டும். தாள் ரிப்போர்ட் மட்டும் போதாது. மொழி தடையென்றால் தமிழ் பேசும் வைத்தியர் அல்லது தாதி யாராவது இருக்கிறாரா என்று கேட்கத் தயங்காதீர்கள். சம்மதப் படிவத்தை விளங்காமல் ஒப்பமிட வேண்டாம்.

வீட்டில் இருக்கும்போது எதற்கு உடனே ஓடிவர வேண்டும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ஸ்டென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டு பனடோல் கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அடைத்த பித்தத்தில் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். குழப்பமாகப் பேசுவது, சலம் போகாமல் இருப்பது, கறுப்பாக மலம் போவது, விடாத சத்தி, மஞ்சள் மறுபடி கூடுவது இவையும் அப்படித்தான். 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், கட்டணம் இல்லை. வந்து இறங்கியதும், “பித்தக்கானில் ஸ்டென்ட் இருக்கிறது, நடுக்கத்தோடு காய்ச்சல்” என்ற இரண்டு விஷயத்தையும் முதலில் சொல்லி, டயக்னோசிஸ் கார்டைக் கையில் கொடுங்கள்.